கண்ணுக்கு விட்ட மருந்து மூக்கில் ஏன் இறங்குகிறது? கண் வறட்சிச் சிகிச்சையும் மூக்குத் தொல்லையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பது என் வேலை. கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போகிறவர்கள் இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தால் கண்ணைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. "மிஸ், மூக்கு ஒழுகுது", "தொண்டை கசக்குது", "தும்மி முடியல" என்றுதான் தொடங்குகிறார்கள். பாதிப் பேர் தடிமன் என்று நினைத்துக்கொண்டு வேறு குளிசை கேட்பார்கள். அந்தக் குளிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே சொல்கிறேன். கவுன்டரில் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன். டொக்டர் சொன்னதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணில் விட்ட மருந்து மூக்குக்கு எப்படிப் போகிறது?

கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மூக்குப் பக்கமாக மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் ஊசி முனை அளவில் ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் அப்படி ஒன்று உண்டு. கண்ணீர் வடியும் வாய் அதுதான். அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாக ஒரு சிறு பைக்குப் போய், பிறகு இன்னொரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கும். அழும்போது மூக்கையும் சேர்த்துச் சிந்துகிறோமே, காரணம் இந்தக் குழாய்தான். மூக்கின் பின்பக்கம் தொண்டையோடு சேருவதால் மிச்சம் தொண்டைக்கும் வரும்.

சாதாரண நேரத்தில் கண்ணின் மேல் நிற்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலீட்டர். போத்தலிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலீட்டர் வரும். அவ்வளவையும் கண் எங்கே வைத்துக்கொள்ளும்? கொஞ்சம் கன்னத்தில் வழியும், கொஞ்சம் குழாய்க்குள் போகும். இரண்டு சொட்டு விட்டால் இரட்டிப்பு நன்மை என்று நினைப்பவர்கள் இரண்டாவது சொட்டை மூக்குக்குத்தான் விடுகிறார்கள்.

என் அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போன அன்று கண்ணில் மஞ்சள் சாயம் வைத்துப் பரிசோதித்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு லேஞ்சியைப் பார்த்துப் பயந்துபோனார். பளிச்சென்று மஞ்சள். மூக்கில் சீழ் பிடித்துவிட்டது என்று அழவே தொடங்கிவிட்டார். கண்ணில் வைத்த சாயம்தான் அரை மணி நேரத்தில் லேஞ்சிக்கு வந்திருந்தது. குழாய் அடைபடாமல் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் கொட்டகலை வந்துவிட்டது.

அப்படியானால் மூக்கு ஒழுகுவது சாதாரணமா?

சொட்டு விட்ட சில நிமிடங்களில் மூக்கு நமநமப்பது, இரண்டு தும்மல், கொஞ்சம் நீர், தொண்டையில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு, இவை வந்து அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்க மூக்கு அடைத்திருப்பது, காய்ச்சல், உடம்பு வலி என்றால் அது சொட்டு மருந்தின் வேலை இல்லை.

கண்ணும் மூக்கும் ஒரே நரம்பின் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கிளை நரம்பு என்று அதற்குப் பெயர். சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண் எரிகிறது, மூக்கும் ஒழுகுகிறது அல்லவா? மருந்து கண்ணைக் கொஞ்சம் சீண்டினாலும் அதுதான் நடக்கும். கண்ணில் திடீரென்று பெருகும் நீரும் அதே குழாய் வழியாகத்தான் கீழே இறங்கும்.

எல்லாச் சொட்டு மருந்தும் இப்படிச் செய்யுமா?

இல்லை. செயற்கைக் கண்ணீர் என்று தரும் சாதாரண வகைகள், அதாவது கார்பொக்சிமெதில் செலுலோஸ், ஹைப்ரமெலோஸ், சோடியம் ஹயலூரோனேட் போன்றவை, பெரும்பாலும் சாதுவானவை. மூக்கில் இறங்கினாலும் தண்ணீர் இறங்கியது போலத்தான் இருக்கும்.

கண் வறட்சிக்கு டொக்டர் எழுதித் தரும் சைக்ளோஸ்போரின் சொட்டு கண்ணிலேயே எரியும். முதல் சில வாரங்கள் எரிச்சல் அதிகம். அதன் முழுப் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால், இரண்டாம் கிழமையே "சரிவரல" என்று போத்தலை மூலையில் வைப்பது பெரிய நட்டம். லிபிடெக்ராஸ்ட் என்ற இன்னொரு கண் வறட்சிச் சொட்டு 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாயில் விசித்திரமான கசப்பைத் தருவதற்குப் பேர்போனது. காலையில் அதை விட்டுவிட்டு உடனே தேநீர் குடித்தால் தேநீரே கெட்டுப்போன மாதிரி இருக்கும். தேயிலை நாட்டில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பக்க விளைவு வேண்டுமா என்ன.

நீண்ட நாள் பாவிக்கும் போத்தல்களில் பென்சல்கோனியம் குளோரைட் என்ற பாதுகாப்புப் பொருள் இருக்கலாம். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் விடுகிறவர்களுக்கு அதுவே கண்ணை உறுத்தும். பாதுகாப்புப் பொருள் இல்லாத வகை கிடைக்குமா என்று கேளுங்கள். விலை கூடத்தான், மறைக்கவில்லை.

மூக்குக்குப் போகாமல் தடுக்க ஏதும் வழி உண்டா?

உண்டு, காசு செலவில்லாதது. கையைக் கழுவுங்கள். தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. போத்தல் முனை இமையில் படக்கூடாது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையைச் சுட்டுவிரலால் அழுத்திப் பிடியுங்கள். அழுத்த வேண்டியது கண்விழியை இல்லை, மூக்கெலும்புப் பக்கத்தை. இரண்டு மூன்று நிமிடம் அப்படியே. கண்ணைச் சிமிட்டவே கூடாது, ஒவ்வொரு சிமிட்டலும் பம்ப் அடிப்பது போல நீரைக் குழாய்க்குள் தள்ளும்.

சொட்டு விட்டதும் படபடவென்று இமைப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். "நல்லா உள்ள போகட்டும்" என்று நினைக்கிறார்கள். உள்ளேதான் போகிறது, மூக்குக்கு உள்ளே.

இரண்டு வகைச் சொட்டு இருந்தால் இடையில் 5 நிமிடமாவது விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று: காலையில் போத்தல் பனிக்கட்டி மாதிரி இருக்கும். குளிர்ந்த சொட்டு விழுந்தாலே கண் துள்ளி மூக்கு ஒழுகும். உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்தி வைத்துவிட்டு விடுங்கள். சுடுதண்ணீரில் வைக்க வேண்டாம், அடுப்போரத்திலும் வேண்டாம்.

தும்மலுக்குப் பிரிட்டன் (Piriton) குளிசை போட்டுக்கொள்ளலாமா?

முதலில் சொன்ன சிக்கல் இதுதான். கிழமைக்கு ஒரு தடவையாவது இது என் கவுன்டருக்கு வருகிறது.

கதை இப்படித்தான் போகும். கண் வறண்டு உறுத்துகிறது, சொட்டு விடுகிறார். சொட்டு மூக்கில் இறங்கித் தும்மல் வருகிறது. தடிமன் என்று நினைத்துப் பிரிட்டன் போடுகிறார். மூக்கு அடங்குகிறது. ஆனால் அந்தக் குளிசை மூக்கின் ஈரத்தை மட்டும் நிறுத்துவதில்லை, வாய், கண் எல்லாவற்றின் ஈரத்தையும் குறைக்கும். அடுத்த நாள் கண் இன்னும் உறுத்துகிறது, இன்னும் இரண்டு சொட்டு. மறுபடி மூக்கு, மறுபடி குளிசை. வட்டம் சுற்றுகிறது. ஆறு மாதம் கழித்து "எந்த மருந்தும் எனக்குச் சேரல மிஸ்" என்று வந்து நிற்பார்கள்.

கொழுந்தெடுக்கும் ஓர் ஆச்சி இருந்தார். பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். ஒரு கண் சொட்டுப் போத்தல், பிறகு வெவ்வேறு கடைகளில் வாங்கிய நான்கு பேப்பர் சுருள்கள். நான்கிலும் பிரிட்டனில் இருக்கும் அதே குளோர்பெனிரமின்தான், அந்தச் சின்னக் குளிசை. ஒன்று தடிமனுக்கு, ஒன்று "அரிப்புக்கு", ஒன்று யாரோ தூக்கத்துக்குக் கொடுத்தது, மற்றது எதற்கென்று அவருக்கே ஞாபகமில்லை. அந்தக் குளிசை தூக்கத்தையும் தரும். சரிவான மலையில் கூடையோடு நிற்பவர் அரைத் தூக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். செட்டிரிசின், லோரடடீன் போன்றவை தூக்கம் குறைவாகத் தரும், ஆனால் கண்ணை வறட்டும் குணம் அவற்றுக்கும் கொஞ்சம் உண்டு.

உண்மையான ஒவ்வாமை இருப்பவர்கள் குளிசையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. கண் அரித்து, மூக்கரித்து, வரிசையாகத் தும்மினால் ஒவ்வாமையாக இருக்கலாம். எரிச்சலும் மணல் விழுந்த மாதிரி உறுத்தலும் இருந்தால் வறட்சிப் பக்கம் சாயும். இரண்டும் சேர்ந்தும் வரும். எது என்று டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். நீங்களாகத் தினமும் போடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அமிட்ரிப்டிலின் போன்ற நரம்புக் குளிசைகள், பிரஷருக்குத் தரும் சில குளிசைகள்கூட கண்ணை வறட்டலாம். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. கிளினிக்கில் சொல்லுங்கள்.

மூக்கடைப்புக்கு ஸ்பிரே?

சைலோமெட்டசொலின் வகைச் சொட்டும் ஸ்பிரேயும் உடனே மூக்கைத் திறக்கும். 3 முதல் 5 நாளுக்கு மேல் போனால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். கண் சிவப்பைப் போக்கும் சொட்டுகளிலும் இதே வித்தைதான்: விடும்போது வெள்ளை, விட்டுவிட்டால் முன்னைவிடச் சிவப்பு. வறட்சிக்கு அது மருந்தே இல்லை.

கண் வறட்சிக்கு மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கிறதாமே?

இருக்கிறது. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வரும்போது இப்படியான பெட்டிகள் வந்துவிடுகின்றன, அதனால் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

வரெனிக்ளின் என்ற மருந்து அது. முதலில் சிகரெட்டை விட உதவும் குளிசையாக 2006 இல் அமெரிக்காவில் வந்தது. அதையே மிகச் சிறிய அளவில் மூக்கு ஸ்பிரேயாக்கி, கண் வறட்சிக்கு 2021 ஒக்டோபரில் அங்கே அனுமதித்தார்கள். ஒரு அடிக்கு 0.03 மில்லிகிராம். ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் ஒரு அடி, நாளுக்கு இரண்டு தடவை, சுமார் 12 மணி நேர இடைவெளியில். மேலே சொன்ன முக்கிளை நரம்பை மூக்குக்குள்ளிருந்து தட்டி எழுப்பினால், கண்ணீர்ச் சுரப்பிக்குச் செய்தி போய், கண் தன் சொந்தக் கண்ணீரைச் சுரக்கும். அதுதான் அதன் தந்திரம்.

நரம்பைத் தட்டினால் மூக்கு சும்மா இருக்குமா? பரிசோதனைகளில் 100 பேரில் 82 பேருக்குத் தும்மல் வந்தது. இருமல், தொண்டைக் கரகரப்பு, மூக்கு எரிச்சல் போன்றவை 5 முதல் 16 சதவீதம் பேருக்கு. இங்கே தும்மல் குழாய் வழியாக வரும் கசிவு இல்லை, மருந்து வேலை செய்யும் இடமே மூக்கு. அடிக்கும்போது முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கி வைக்காமல், அதே பக்கத்துக் காதின் மேல்பக்கம் பார்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பொடி போடுகிற மாதிரி உறிஞ்ச வேண்டாம்.

பெட்டி கையில் இருக்கிறது என்பதற்காக அடித்துப் பார்க்க வேண்டாம். சீட்டு எழுதியவர் உங்கள் கண்ணைப் பார்த்தவராக இருக்க வேண்டும், மாமியின் கண்ணைப் பார்த்தவர் இல்லை.

மருந்தா, மலையா? எப்படிப் பிரித்து அறிவது?

நல்ல கேள்வி, கேட்பவர்தான் குறைவு. இங்கே மூக்கு ஒழுக மருந்தே தேவையில்லை. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதத்து விடியற்காலைக் குளிரில் யாருக்கும் மூக்கு ஒழுகும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஆடி, ஆவணியில் வீசும் காய்ந்த காற்று தேயிலைக்கு வாசனையைத் தரும், கண்ணுக்கு வறட்சியைத் தரும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், புகைபோக்கி இல்லாத அடுப்பில் ஈரமான கவ்வாத்து மிலாறை (வெட்டிய தேயிலைக் குச்சியை) எரித்தால் வரும் புகை கண்ணையும் மூக்கையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) தூள் சலிக்கும் அறையில் நிற்பவர்களுக்குத் தேயிலைப் பொடி.

ஒரு கொப்பித் தாளில் மூன்று நாள் எழுதிப் பாருங்கள். சொட்டு விட்ட நேரம், மூக்கு தொல்லை தந்த நேரம், அப்போது எங்கே நின்றீர்கள். சொட்டு விட்டுப் பத்து நிமிடத்துக்குள் வந்து அடங்கினால் சொட்டு. இரவுச் சமையல் நேரத்தில் மட்டும் வந்தால் அடுப்பு. வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை சுகமாக இருந்தால் ஸ்டோர்ப் பொடி. என்னிடம் இப்படி எழுதிக்கொண்டு வந்த ஒரு தம்பிக்கு மூன்று நாளும் இரவு ஏழரைக்குத்தான் தொல்லை. அவர் சொட்டு விடுவதோ காலையில். வீட்டில் அந்த நேரம் சாமிக்குச் சாம்பிராணி.

ஆவி பிடிக்கலாமா? தைலம் பூசலாமா?

வெறும் வெந்நீர் ஆவி, கண்ணை மூடிக்கொண்டு, தூரமாக வைத்து என்றால் பரவாயில்லை. யூக்கலிப்டஸ் தைலத்தைச் சொட்டி, போர்வைக்குள் தலையை விட்டு, கண்ணைத் திறந்து வைப்பது வறண்ட கண்ணுக்குத் தண்டனை. மூக்கடியிலும் நெற்றியிலும் அப்பும் தைலங்களும் அப்படியே, அவற்றின் ஆவி மேலேதான் ஏறும். தாய்ப்பால், தேன், பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் சொல்ல ஒன்றுமில்லை.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாமா?

கழுவலாம், பலருக்குச் சுகம் தரும். ஆனால் பீலித் தண்ணீரை (மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவதை) அப்படியே மூக்குக்குள் விட வேண்டாம். எவ்வளவு தெளிவாக ஓடினாலும் சரி. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும். குடிக்கும்போது வயிறு சமாளித்துவிடும் சில கிருமிகள் மூக்கு வழியாகப் போனால் ஆபத்தாகும். பாமசியில் தயாராகக் கிடைக்கும் சேலைன் மூக்குச் சொட்டு இன்னும் சுலபம். அதைக் கண்ணில் விடாதீர்கள், கண் சொட்டை மூக்கிலும் விடாதீர்கள்.

கண்ணீர்த் துளையை அடைக்கும் சின்ன மூடி வைத்தார்கள். இப்போது கண் ஒழுகுகிறது, மூக்கு காய்கிறது. சரியா?

வடியும் வாயை அடைத்தால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும். கொஞ்சம் ஒழுகுவது எதிர்பார்த்ததே. கொலாஜன் மூடி சில நாட்களில் தானாகக் கரையும், சிலிகன் மூடி நிற்கும். மூக்கு காய்வதற்கு மூடி காரணமாக இருப்பது அரிது, மூக்கு தன் ஈரத்தைத் தானே சுரக்கிறது. கண் மூலையைக் கசக்காதீர்கள், மூடி கழன்று விழும். மூக்கை ஒட்டிய மூலை வீங்கி, சிவந்து, தொட்டால் வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். கண்ணீர்ப் பையில் கிருமி சேர்ந்திருக்கலாம். மூடி வைக்காதவர்களுக்கும் இது வரும்.

கண், வாய், மூக்கு எல்லாமே காய்கிறது. மருந்தைக் குறைக்கவா?

குறைக்காதீர்கள், டொக்டரிடம் போங்கள். ரொட்டி தண்ணீர் குடிக்காமல் இறங்கவில்லை, மூக்கில் பொருக்குத் தட்டுகிறது, மூட்டும் வலிக்கிறது, வயது நாற்பதைத் தாண்டிய பெண் என்றால் ஷோகிரன் என்ற நோய் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த ஈரச் சுரப்பிகளையே தாக்கும் நோய் அது. இதில் மூக்கு வறட்சி சொட்டு மருந்தின் பக்க விளைவு அல்ல, கண் வறட்சியின் கூடப்பிறப்பு. "வயசாகிட்டா அப்படித்தான்" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள் நம் பெண்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சொட்டு விட்டதும் உதடு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால் 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. கண் கடுமையாக வலித்துப் பார்வை மங்கினாலும் தாமதிக்க வேண்டாம். மூக்கில் இரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. ஒரே பக்கத் துவாரத்தில் மட்டும் அடிக்கடி இரத்தம் கலந்து வந்தால் காட்டாமல் இருக்காதீர்கள்.

ஆஸ்துமாக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண் அழுத்தத்துக்குத் தரும் டிமொலோல் சொட்டு இதே குழாயில் இறங்கி, உடம்பில் ஏறி, மூச்சை இறுக்கக்கூடியது. கண்ணுக்கு எந்தச் சொட்டு எழுதினாலும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

நோன்பு நேரத்தில் தொண்டையில் கசப்புத் தெரிகிறதே, விடலாமா?

மார்க்கத் தீர்ப்பை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், அது என் வேலையில்லை. மருந்து பக்கம் மட்டும் சொல்கிறேன்: நாளுக்கு இரண்டு தடவை மருந்தென்றால் சஹருக்கு முன்னும் இப்தாருக்குப் பின்னும் வைத்துக்கொள்ள முடியுமா என்று டொக்டரிடம் கேட்கலாம். பகலில் விட்டே ஆகவேண்டியவர்கள் மூலையை அழுத்திப் பிடித்தால் தொண்டைக்கு வருவது வெகுவாகக் குறையும்.

கிளினிக்குக்குப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

கண் சொட்டு மட்டும் போதாது. மூக்குக்குப் போட்டது, தூக்கத்துக்குப் போட்டது, பக்கத்து லயத்து அக்கா கொடுத்தது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். பேப்பர் சுருளில் சுற்றிய குளிசையில் பெயர் இருக்காது, வாங்கிய கடையிலேயே பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். போத்தலைத் திறந்த திகதியைப் பேனாவால் லேபிளில் எழுதி வையுங்கள், பெரும்பாலான போத்தல்களைத் திறந்து 28 நாளில் எறிய வேண்டும். அந்த ஆச்சி இப்போது பிரிட்டன் போடுவதில்லை. சொட்டு விட்டு, மூலையை அழுத்திக்கொண்டு, வாய்க்குள் நூறு வரை இரண்டு தடவை எண்ணுகிறாராம். எண்ணி முடிப்பதற்குள் பேரப்பிள்ளை வந்து கூப்பிட்டுவிடுகிறது என்பதுதான் இப்போது அவர் சொல்லும் முறைப்பாடு.